கார் ஆலை நேர்காணலுக்கு 500 கேள்விகள் போதுமா?

வாசகர் கேள்வி, 4 மார்ச் 2024

மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். பதினொரு நாளில் ஒரகடம் பக்கம் ஒரு கார் ஆலையில் நேர்காணல். சீனியர்கள் 500 கேள்வி பதில் கொண்ட தொகுப்பு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்தால் போதும், எல்லாக் கம்பெனியிலும் இதையேதான் கேட்பார்கள் என்கிறார்கள். உண்மையா?

4 மார்ச் 2024, இரவு 9.50

போதாது. எழுத்துத் தேர்வைத் தாண்ட அது உதவும், அவ்வளவுதான். காலையில் எழுத்துத் தேர்வு, பிறகு தொழில்நுட்பச் சுற்று, எச்.ஆர். சுற்று, கடைசியில் மருத்துவப் பரிசோதனை என்று அந்த நாள் போகும். இதில் வேலையைத் தீர்மானிப்பது நடுவில் வரும் இருபது நிமிடம். ஒரு கார் ஆலையின் பாடி ஷாப்பில் (தகடுகளை வெல்டிங் செய்து காரின் உடற்கூட்டை ஆக்கும் இடம்), தரப் பிரிவில், பதினான்கு வருடமாக இருக்கிறேன். கடைசி ஆறு வருடமாகக் கேள்வி கேட்கும் நாற்காலியிலும் உட்காருகிறேன்.

முதல் கேள்வி உன் தொகுப்பிலிருந்தே வரும். மைல்ட் ஸ்டீல் கம்பியை இழுத்தால் வரும் தகைவு திரிபு வரைபடம் போடு என்பார்கள், போட்டுவிடுவாய். உச்சத்துக்குப் பிறகு கோடு ஏன் இறங்குகிறது என்பார்கள். அதற்கும் தொகுப்பில் பதில் இருக்கும்: கம்பி ஓரிடத்தில் கழுத்து போல ஒடுங்கிவிட்டது, நாமோ இன்னமும் பழைய குறுக்குப் பரப்பால்தான் வகுத்துக்கொண்டிருக்கிறோம். நல்லது. அடுத்து நான் கேட்பது இது. ஒரு கதவின் வெளித்தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது, கையை எடுத்தால் நிமிர்ந்துவிடுகிறது. வாங்குபவருக்கு அது பிடிக்கவில்லை, தகரம் போல இருக்கிறது என்கிறார். அதே தடிமனில் இரண்டு மடங்கு வலுவான எஃகு போட்டால் சரியாகுமா?

பெரும்பாலோர் 'ஆகும்' என்கிறார்கள். ஆகாது. எந்த எஃகை எடுத்தாலும், அதன் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் ஏறத்தாழ 200 முதல் 210 கிகாபாஸ்கல்தான். வலு கூடினால் தகடு நிரந்தரமாகச் சொட்டை விழுவது குறையும், விறைப்பு கூடாது. விறைப்புக்குத் தடிமன் வேண்டும், அல்லது வளைவும் மடிப்பும் வேண்டும். தடிமனின் மும்மடிப் பெருக்கம் அங்கே வேலை செய்கிறது. 1.0 மில்லிமீட்டர் தகட்டை 0.8 ஆக்கிப் பார்: 0.8 × 0.8 × 0.8 = 0.512. எடை ஐந்தில் ஒரு பங்கு குறைய, வளைவு விறைப்பு பாதியாகிவிடுகிறது. இந்தக் கணக்கை என் முன்னால் தாளில் போட்டுக் காட்டிய பெண்ணை அடுத்த சுற்றுக்கு அனுப்ப நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

4 மார்ச், இரவு 11.15

தூங்கப் போகுமுன் ஒன்று. உன் விண்ணப்பத்தில் ப்ராஜெக்ட் என்று என்ன எழுதியிருக்கிறாய்? காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால் இப்போதே அதை அடித்துவிடு.

5 மார்ச், காலை 6.20

அடித்துவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்குமே என்று கேட்டிருக்கிறாய். இருக்கட்டும். தானாக நீளும் நியூமேட்டிக் பம்பர் என்று எழுதிக்கொண்டு வருபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். சிலிண்டரின் உள்விட்டம் எவ்வளவு, காற்று எத்தனை பார் அழுத்தத்தில் இருந்தது, வண்டி முட்டும் வேகத்துக்கு அந்தச் சிலிண்டர் நேரத்துக்குள் நீண்டுவிடுமா என்று மூன்று கேள்வி கேட்டால் முகம் வெளிறிவிடுகிறது. எதிரே உட்கார்ந்து அதைப் பார்ப்பது எனக்கு வேதனை. நான்கு வருடம் கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பம் ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும் தெரிகிறது.

விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் கடலை உடைக்கும் இயந்திரம் செய்திருந்தான். தோடு உடைந்தது, கூடவே பருப்பும் பாதி உடைந்துவிட்டது. சல்லடைக் கம்பிகளின் இடைவெளியை மாற்றிப் பார்த்தான், அடிக்கும் இரும்புச் சட்டத்தில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றிப் பார்த்தான், அப்போதும் முழுதாகச் சரிவரவில்லை. இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நாங்கள் மூவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டோம். கடையில் வாங்கி வந்த கடலையும் வயலிலிருந்து பறித்த கடலையும் ஒன்றாக உடையவில்லை, ஈரம் காரணமாக இருக்கலாம் என்றான். அந்த 'இருக்கலாம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேலை கிடைத்தது.

5 மார்ச், இரவு 10.05

'அக்கா, உங்களை என்ன கேட்டார்கள்?'

2009இல் படிப்பை முடித்தேன். உலகமெங்கும் கார் விற்பனை விழுந்து, ஆள் எடுப்பது சுருங்கியிருந்த காலம். எங்கள் வகுப்பில் அறுபது பேர், பெண்கள் நான்கு. எனக்கு முதல் நேர்காணல் 2010 ஜனவரியில். சாத்தூரிலிருந்து இரவு பஸ், தாம்பரத்தில் இறங்கி அங்கே ஒரு ஓட்டலில் முகம் கழுவிக்கொண்டு, படப்பை வழியாக இன்னொரு பஸ்.

உள்ளே இருவர். வயதில் மூத்தவர் என் மதிப்பெண் பட்டியலை மூடி வைத்துவிட்டு, 'நீ கையால் கழற்றி மாட்டிய இயந்திரம் எது?' என்றார். கல்லூரி லேப் என்று ஆரம்பித்தேன். லேப் வேண்டாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. பிறகு, 'அம்மாவின் தையல் மெஷின்' என்றேன்.

பொய் இல்லை. அம்மா ஜாக்கெட் தைப்பவர். கீழே மிதிக்கும் பழைய மெஷின். பெல்ட் தளர்ந்தால் ஒரு துண்டு வெட்டிக் கொக்கி போடுவது, பாபின் கூட்டுக்குள் சிக்கும் நூல் பிசிறை எடுப்பது, எண்ணெய் விடுவது எல்லாம் என் வேலை. 'மிதித்தவுடன் ஓடுமா?' என்று கேட்டார். ஓடாது, சில நேரம் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ள வேண்டும், தவறிப் பின்பக்கம் சுற்றினால் நூல் அறுந்துவிடும் என்றேன். 'ஏன் தள்ள வேண்டும்?' என்றார். அந்த நொடியில்தான், நான்கு வருடம் படித்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்ததும் ஒரே விஷயம் என்று புரிந்தது. மிதியைக் கிராங்குடன் இணைக்கும் கம்பியும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்போது, எவ்வளவு அழுத்தினாலும் திருப்பு விசை கிடையாது. அதுதான் டெட் சென்டர். ஓட ஆரம்பித்துவிட்டால் கனமான சக்கரம் தன் வேகத்தில் அந்தப் புள்ளியைக் கடத்திவிடும். தாள் கேட்டு வாங்கி வரைந்தேன்.

இருபது நிமிடம் அந்த மெஷினைப் பற்றியே பேசினோம். பெட்ரோல் என்ஜினின் ஓட்டோ சுழற்சி பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

6 மார்ச், மதியம் 1.10

நேற்று எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது போல் ஆகிவிட்டது. அப்படி நடக்கவில்லை. 'என்ஜினில் பிஸ்டன் கிராங்கைச் சுழற்றுவதும் உன் தையல் மெஷினும் ஒரே பொறிமுறையா?' என்று அவர் கேட்டார். ஒன்றுதான் என்றேன். தவறு. பிஸ்டன் நேர்கோட்டில் வழுக்குகிறது. மிதி ஓர் அச்சைச் சுற்றி ஊசலாடுகிறது. முன்னது ஸ்லைடர் கிராங்க், பின்னது நான்கு இணைப்புப் பொறிமுறை. வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. போச்சு என்றுதான் ஊர் திரும்பினேன்.

தவறான ஒரு பதிலுக்காக யாரும் விரட்டப்படுவதில்லை என்பதற்காக இதைச் சேர்க்கிறேன்.

7 மார்ச், இரவு 9.30

அசெம்பிளி பக்கம் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு: போல்ட்டை நன்றாக யோசித்துவிட்டுப் போங்கள். ஒரு கார் முழுக்க போல்ட்டும் நட்டும்தான். அங்கே தவறாமல் வரும் கேள்வி, டார்க் ரெஞ்சில் (வைத்த முறுக்கு அளவுக்கு முடுக்கும் கருவி) ஒரே அளவு வைத்து, காய்ந்த போல்ட் ஒன்றையும் எண்ணெய் தடவிய போல்ட் ஒன்றையும் முடுக்கினால் எது அதிக இறுக்கமாக இருக்கும்?

எண்ணெய் வழுக்கும், ஆகவே பிடிப்பு குறையும் என்று மனம் சொல்லும். நேர் எதிர்தான் உண்மை. நாம் கொடுக்கும் முறுக்கில் மிகப் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடுகிறது: ஏறத்தாழ 50 சதவீதம் புரியில், 40 சதவீதம் போல்ட் தலைக்கு அடியில். மிஞ்சும் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டி இரண்டு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. உராய்வைக் குறைத்தால் அந்தச் சிறு பங்கு பெரிதாகிவிடும்.

எண்ணில் பார்ப்போம். எம்10 போல்ட் (விட்டம் 10 மில்லிமீட்டர், அதாவது 0.01 மீட்டர்), முறுக்கு 50 நியூட்டன் மீட்டர். உராய்வுக் கெழு போலப் பயன்படும் கே மதிப்பு 0.2 என்றால், பிடிப்பு விசை 50 ÷ (0.2 × 0.01) = 25,000 நியூட்டன். எண்ணெய் தடவி கே 0.15 ஆனால் 33,000 நியூட்டனைத் தாண்டிவிடும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். போல்ட் இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிடலாம். வீல் நட்டுக்கு எண்ணெய் தடவாதீர்கள் என்று பல கார்களின் கைப்புத்தகத்தில் இருப்பது இதனால்தான்.

8 மார்ச், காலை 7.00

திருத்தம். 50, 40 இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி: தலைக்கு அடியில் ஏறத்தாழ 50, புரியில் 40. பத்து சதவீதம் பத்து சதவீதமேதான். நன்றி.

8 மார்ச், இரவு 10.40

இன்று பெண்கள் தினம் என்பதால் கேட்டாயா தங்கை, தெரியவில்லை. ஆனால் சரியான கேள்வி. 'இரவு ஷிப்ட் வருவாயா என்று பெண்களை மட்டும் கேட்கிறார்களே?'

என்னையும் கேட்டார்கள். 'வீட்டில் சம்மதிப்பார்களா?' என்றும் கேட்டார்கள். எனக்கு முன் உள்ளே போய் வந்த பையனிடம் அதைக் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களைக் காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே வேலை வாங்கலாம் என்றது. 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பு, வாகனம், தனி ஓய்வறை போன்ற பொறுப்புகள் நிர்வாகத்துக்கு. ஆகவே அந்தக் கேள்வி வந்தால் நீ திருப்பிக் கேட்க உனக்கு உரிமை உண்டு: இரவு ஷிப்ட் முடிந்தால் பஸ் எதுவரை வரும், லைனில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஓய்வறை எந்த ஷாப்பில் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாத இடம் எப்படிப்பட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

என் குழுவில் நான் இருக்கும்வரை அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்கிறோம், அல்லது யாரிடமும் கேட்பதில்லை. இதற்காக ஒருமுறை சத்தமாகவே சண்டை போட்டிருக்கிறேன்.

10 மார்ச், காலை 11.20

ஞாயிற்றுக்கிழமை. நேரம் இருக்கிறது, ஆகவே மின்சாரக் கார். 'இனி என்ஜின் படிக்க வேண்டுமா' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்றில் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கின்றன. ஓடும் காரில் என்ஜின் நின்றுவிட்டால் பிரேக் பிடிக்குமா? பிடிக்கும். ஓரிரு முறை மிதித்த பிறகு பெடல் கல் போல இறுகும். காலுக்குத் துணை செய்யும் பூஸ்டர் வெற்றிடத்தால் இயங்குகிறது. பெட்ரோல் காரில் அந்த வெற்றிடம் த்ராட்டில் என்ற காற்று வால்வுக்குப் பின்னால், என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் கிடைக்கிறது. டீசலில் அது போதிய அளவு கிடைக்காது, அதனால் தனியாக வெற்றிட பம்ப். சரி, என்ஜினே இல்லாத காரில்? மின்சாரத்தில் ஓடும் வெற்றிட பம்ப் வைக்கலாம், அல்லது வெற்றிடமே தேவைப்படாத மின் பூஸ்டர் வைக்கலாம். மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை மெதுவாக்குவதும் உராய்வு பிரேக்கும் ஒரே பெடலுக்குள் எப்படி ஒத்துப்போக வேண்டும் என்று அங்கிருந்து பேச்சு விரியும். என்ஜின் ஏன் அப்படி இருந்தது என்று தெரிந்தவர்தான் அது போனபின் எது எது அனாதையாகிறது என்று சொல்ல முடியும். ஆகவே படியுங்கள்.

10 மார்ச், மாலை 5.45

டாக்ட் டைம் (லைனில் ஒரு காருக்குக் கிடைக்கும் நேரம்) கணக்கில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எட்டு மணி நேர ஷிப்டில் 430 கார் வேண்டும் என்றால் 480 நிமிடத்தை 430ஆல் வகுத்துவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு 30 நிமிடம், தேநீருக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம் கழித்தால் 430 நிமிடம். ஒரு காருக்கு 60 வினாடி. இடைவேளை உண்டா என்று நீங்களாகக் கேட்டால் எங்களுக்கு மகிழ்ச்சி. லைனில் நிற்பவர் மனிதர் என்று நினைவிருக்கிறது உங்களுக்கு.

அடுத்து, ஒரு ஸ்டேஷனில் மட்டும் 66 வினாடி ஆகிறது, என்ன செய்வாய் என்று வரும். இன்னொரு ஆள் போடுவேன் என்பது அவசரம். முதலில் அங்கே போய் நில். அவர் எத்தனை அடி நடந்து பாகத்தை எடுக்கிறார் என்று எண்ணு.

11 மார்ச், இரவு 11.30

ஒரு மூத்தவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வெகு நேரம் பதில் எழுத முடியவில்லை. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, அடுத்த வருடம் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. அதன் பிறகு நாற்பது வயதுக்கு மேல் நேர்காணல்களுக்கு அலைந்திருக்கிறார். 'என் மகன் வயதில் இருப்பவர் எனக்கு ஃபைவ் வை சொல்லிக் கொடுக்கிறார்' என்று எழுதியிருக்கிறார். ஐந்து முறை 'ஏன்' கேட்டுக் கோளாறின் வேரைத் தேடும் முறை அது.

ஐயா, உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அனுபவம் மிக்கவர்கள் 'நாங்கள் செய்தோம், நாங்கள் சரிசெய்தோம்' என்றே பேசுகிறார்கள். லைனில் பழகியவர்களுக்கு அது இயல்பு, நல்ல குணமும்கூட. ஆனால் அந்த 'நாங்க'ளுக்குள் நீங்கள் எது செய்தீர்கள் என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. எந்த ஆண்டு, எந்த ஸ்டேஷன், கோளாறு நூற்றுக்கு எத்தனை இருந்தது, எத்தனைக்கு இறங்கியது, அதில் உங்கள் கை எது. அதைச் சொல்லுங்கள். இன்னொன்று: எஃப்.எம்.இ.ஏ. (எது எப்படிக் கோளாறாகலாம் என்று முன்கூட்டியே அலசும் முறை) பற்றிக் கேட்டால், மூன்று எண்களைப் பெருக்கும் ஆர்.பி.என். முறையோடு நிறுத்தாதீர்கள். 2019இல் வந்த புதிய கையேடு அதை விட்டுவிட்டு, எதை முதலில் கவனிப்பது என்று தரம் பிரிக்கும் ஆக்ஷன் பிரையாரிட்டிக்கு மாறிவிட்டது.

13 மார்ச், இரவு 10.15

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை நான் நிராகரித்தேன். மின்சாரம் பாய்ச்சித் தகடுகளை ஒட்டும் ரெசிஸ்டன்ஸ் வெல்டிங்கில் நகெட், அதாவது உருகி ஒட்டும் பொட்டு, எப்படி உருவாகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பேசாமல் இருந்தான். மறுபடி கேட்டேன். 'தெரியாது மேடம்' என்றான். தாளில் கோடு போட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தேன். மாலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவனே ஆலை வாசலில் நின்று இன்னொரு பையனிடம் பேசிக்கொண்டிருந்தான். அம்பத்தூரில் இரண்டு வருடம் ஒரு சிறு பட்டறையில் ஸ்பாட் வெல்டிங் அடித்திருக்கிறான். செம்பு முனை தேய்ந்து அகலமாகிவிட்டால் பொட்டு பிடிக்காது, அரத்தால் முனையைச் சீவ வேண்டும், நாக முலாம் பூசிய தகடு என்றால் கரண்டைக் கூட்ட வேண்டும், உளியால் பிளந்து பார்த்தால் பொட்டு ஒரு தகட்டோடு பிய்ந்து வர வேண்டும் என்று அவன் சொல்வது என் காதில் விழுந்தது.

நான் கேட்டதற்கான முழுப் பதில் அது. முனை அகன்றால் அதே கரண்ட் பெரிய பரப்பில் பரவுகிறது, நடுவில் வெப்பம் போதாமல் போகிறது. தகடுகள் தொடும் இடத்தில்தான் மின்தடை அதிகம், செம்பு முனையைத் தண்ணீர் குளிர்விக்கிறது, அதனால் உருகுவது உள்ளே. 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு நாலைந்து மில்லிமீட்டர் விட்டத்தில் பொட்டு வேண்டும். இதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது, நகெட் என்ற சொல் தெரியவில்லை. பட்டியல் அதற்குள் மேலே போய்விட்டது. மறுநாள் எச்.ஆர். பிரிவில் கேட்டேன், திரும்ப அழைக்க வழியில்லை என்றார்கள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

ஆகவே தம்பி, கேள்வி புரியவில்லை என்றால் தெரியாது என்று சொல்லாதே. 'அந்தச் சொல் தெரியவில்லை, வரைந்து காட்டுவீர்களா' என்று கேள். தமிழில் சொல்லட்டுமா என்றும் கேள். மறுக்கும் குழுவும் இருக்கும், ஆனால் கேட்காமல் எழுந்து வராதே.

14 மார்ச், காலை 6.40

முதல் நாள் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். அந்த 500 கேள்வியை ஒதுக்கிவிடாதே. வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைக்கு, மேசைக்கு எதிரே பேசப்படும் சொற்கள் என்னென்ன என்று அறிய அது ஒரு வழி. நேற்றுச் சொன்ன பையனிடம் அந்தத் தொகுப்பு இருந்திருந்தால் நகெட் என்ற சொல்லாவது கண்ணில் பட்டிருக்கும். ஒவ்வொரு பதிலையும் படித்தபின் ஒருமுறை 'இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்' என்று கேட்டுக்கொள். மிக்ஸியில், அப்பாவின் டி.வி.எஸ். வண்டியில், பம்ப் செட்டில், எங்காவது இருக்கும்.

நாளை உனக்கு நேர்காணல். மூடிய ஷூ போட்டுக்கொண்டு போ, சில இடங்களில் ஷாப்புக்குள் அழைத்துப் போவார்கள். பென்சில் இரண்டு எடுத்துக்கொள். இரவு நன்றாகத் தூங்கு.

14 மார்ச், இரவு 9.00

எங்கள் ஆலையிலும் அடுத்த வாரம் நேர்காணல், என் பெயர் குழுவில் இருக்கிறது. இன்று பாடி ஷாப்பில் சோதனைக்காகப் பிளந்த தகடுகளிலிருந்து இரண்டு துண்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் பொட்டு முழுதாகப் பிய்ந்து வந்திருக்கிறது, மற்றதில் பிடிக்கவே இல்லை. வெல்டிங் பற்றி எந்தச் சொல்லும் சொல்லாமல் இரண்டையும் மேசையில் வைத்து, கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.